கடைசி மாதத்தின் சிதறல்

1.

இந்தக் கதையை என் அக்காவின் கோபத்திலிருந்து திருடினேன். அவள் மருந்து ஆய்வகமொன்றில் புள்ளியியலாளர். கைநடுக்கத்துக்கான புது மாத்திரையை ஒரே ஆட்களுக்குக் கொடுத்து, மாதம் ஒருமுறையாக நான்கு முறை நடுக்கத்தை அளந்தார்கள். முதல் மூன்று மாதங்கள் எல்லோர் கையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. கடைசி மாதத்தில் பலருக்கு நடுக்கம் குறைந்தது, சிலருக்கு எக்கச்சக்கமாக ஏறியது. அந்தச் சிலரில் ஒரு தையல்காரம்மா, நடுக்கத்தை அளக்கும் அறையிலேயே அழுதுவிட்டார்.

2.

தொடக்கம்: கண்ணாடிக் கதவில் மாலை வெயில்...

(வேண்டாம். வயிறு எரியும்போது வெயில் எதற்கு?)

முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் ஒப்பிட வேண்டும். வந்த வித்தியாசம் மருந்தின் வேலையா, ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்ற இறக்கமா? அந்த ஏற்ற இறக்கத்தின் அளவைப் பிழை உறுப்பு என்கிறார்கள்.* அதை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அயோக்கியத்தனம். நான்கு மாதங்களையும் கலந்து எடுத்தால், அமைதியான மாதங்கள் கடைசி மாதத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிவிடும், வந்த வித்தியாசம் மருந்தின் வேலையாகவே தெரியும், மருந்து பாஸ். ஒப்பிடும் இரண்டு மாதங்களிலிருந்து மட்டும் எடுத்தால் ஏற்ற இறக்கம் முழுசாகத் தெரியும், மருந்து ஃபெயில். ஆய்வக இயக்குநர் கலக்கச் சொன்னார். அறிக்கையில் அக்காவின் கையெழுத்து வேண்டும்.

* கொட்டாவி விடாதீர்கள். இந்த மாத்திரை நாளை உங்கள் அப்பாவுக்கும் வரும்.

3.

இயக்குநருக்குத் தொந்தியும் தங்கக் கடிகாரமும்... இந்த வரியை அடித்துவிட்டேன். மனுஷன் நல்லவர். அக்காவின் பிரசவத்துக்குத் தன் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர். அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

"எல்லாரும் இப்படித்தாம்மா போடுறாங்க," என்றார்.

"மத்த மாசம் சும்மா இருந்துச்சுன்னு கடைசி மாசத்த பூசி மெழுகலாமா சார்? அந்தம்மாவுக்கு ஊசியில நூல் கோக்க வரல."

4.

முடிவுகள். அ) அக்கா கையெழுத்துப் போடுகிறாள். ஆ) வேலையை விட்டெறிகிறாள். இ) இயக்குநர் மனம் மாறுகிறார் (சிரிக்காதீர்கள்).

என் பதிப்பாசிரியர் போனில், மூன்றையும் கலந்து நடுவாந்தரமாக ஒன்று கொடுத்துவிடச் சொன்னார். இவரும் அதே கட்சி! போனை வைத்துவிட்டேன்.

கலக்க மாட்டேன். முடிக்கவும் மாட்டேன்.

தையல்காரம்மா வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரையை இன்னும் போடலாமா என்று கேட்க வந்திருக்கிறார். அக்கா மேசையில் அறிக்கை அப்படியே கிடக்கிறது. வாசகரே, நீங்கள் போய்ப் பதில் சொல்லுங்கள். சொல்லும்போது அவர் கையைப் பார்த்துச் சொல்லுங்கள்.