வருகிறேன் என்று அழுத்தியவர்கள்

செயலியில் வருகிறேன் என்று அழுத்தியிருந்தவர்கள் முப்பது பேர். திராட்சைத் தோட்டத்தின் கேட்டருகே வந்து நின்றவர்கள் ஆறு பேர். அதிலும் ஒருவர் வேலைக்கு வந்தவரில்லை, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்க்க வந்தவர்.

அக்கா கொட்டகை வாசலில் பழப்பெட்டிகளை அடுக்கினாள், தேவைக்கு மேல் சத்தமாக. தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். மேற்கே அடிப்பிடித்த பாத்திரம்போல ஒரு மேகம் கறுத்துக் கிடந்தது. மத்தியானம் மழை. பழுத்த திராட்சை நனைந்தால் தோல் வெடித்துவிடும், வெடித்ததை வியாபாரி தொடமாட்டான். ஒரு வருட உழைப்பு அதற்குள் பந்தலிலிருந்து இறங்கியாக வேண்டும்.

"எங்கடா உன் முப்பது பேர்?"

"வந்துட்டு இருக்காங்கக்கா."

"போன்லயா, ரோட்லயா?"

வந்தவர்களில் உயரமாக இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் அவரை நெட்டையர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அறுவடைக் காலத்தில் ஆள் தேடும் தோட்டக்காரர்களையும் வேலை தேடும் ஆட்களையும் சேர்த்துவைக்கத் தம்பியும் அவன் கூட்டாளியும் உருவாக்கிய செயலிக்கு இதுதான் முதல் பருவம். வருடா வருடம் ஆட்களைக் கூட்டிவரும் மேஸ்திரியிடம் அக்கா, "இந்தத் தடவை வேண்டாங்க, என் தம்பி ஏற்பாடு பண்றான்" என்று சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் ஆட்களோடு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தம்பி கேட்டான் என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

"மத்தவங்க ஏன் வரலை? எல்லாரும் வரேன்னு அழுத்தியிருக்காங்களே?" என்று தம்பி நெட்டையரிடம் கேட்டான்.

"நான்கூட எட்டுத் தோட்டத்துக்கு வரேன்னு அழுத்தியிருக்கேன் சார்."

"எட்டா? வரலைன்னு ஒரு பட்டன் இருக்கே!"

"அதை எவன் அழுத்துவான்? இன்னிக்கு வரலைன்னு சொன்னா நாளைக்குக் கூப்பிடாம விட்டுட்டா?"

அந்தப் பட்டனுக்குச் சிவப்பு நிறமா, சாம்பல் நிறமா என்று தம்பியும் கூட்டாளியும் ஒரு வாரம் சண்டை போட்டிருந்தார்கள். கடைசியில் சாம்பல் ஜெயித்தது.

"அப்போ அவங்க எல்லாம் எங்க போவாங்க?"

"கண்ணாடிக்காரர் தோட்டத்துக்குத்தான். நாங்க உள்ளூரு, நடந்தே வந்துட்டோம். பஸ்ல வர்றவங்களுக்கு முதல் ஸ்டாப் அது. நீங்க அடுத்த ஸ்டாப்."

கண்ணாடிக்காரர் பக்கத்துத் தோட்டக்காரர். அவரும் இந்தச் செயலியில்தான் ஆள் கேட்டிருந்தார். அவரைச் சேர்த்துவிட்டதே அக்காதான்.

தம்பி கொட்டகைக்குள் போய்க் கூட்டாளியைப் போனில் பிடித்தான். அலுவலகத்தில் பல் துலக்கிக்கொண்டே பேசினான் கூட்டாளி. "சொல்லிட்டு வராதவங்களை மொத்தமா பிளாக் பண்ணிடுவோம்டா."

"பிளாக் பண்ணா பழம் தானா இறங்குமா?"

போனை வைத்துவிட்டு, கவிழ்த்த பெட்டிமேல் மடிக்கணினியைத் திறந்தான். அவர்கள் இருவர் மட்டுமே பார்க்கக்கூடிய பக்கம் அது. வரைபடத்தில் ஆட்கள் பச்சைப் புள்ளிகளாக ஒரே கொத்தாகச் சாலையில் நகர்ந்து வந்தார்கள். பஸ் இன்னும் முதல் நிறுத்தத்தை எட்டவில்லை. வெளியே அக்கா யாருக்கோ கத்தரியைத் தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரரின் வேலை அறிவிப்புக்கு நேராக 'ரத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. சோதனைக்காக அவனே வைத்த கட்டம். அதை அழுத்தினான். பிறகு எல்லோருக்கும் ஒரு செய்தி தட்டினான்: இந்த வேலை ரத்தாகிவிட்டது, அடுத்த நிறுத்தத்தில் வேலை இருக்கிறது.

பச்சைப் புள்ளிகள் முதல் நிறுத்தத்தில் ஒரு கணம் தயங்கின. பிறகு நகர்ந்தன. அவ்வளவு எளிதாக இருந்ததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"வந்துட்டாங்கடா!" என்று அக்கா கத்தினாள். உள்ளே ஓடிவந்து அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். சின்ன வயதில் அவன் ஓட்டத்தில் ஜெயித்தாலும் அப்படித்தான் அடிப்பாள். "உன்னை என்னென்னவோ திட்டிட்டேன், மனசுக்குள்ள. மன்னிச்சுக்கோ."

பந்தலுக்குக் கீழே கத்தரிகள் கிரிச் கிரிச்சென்று ஓடத் தொடங்கின. தம்பியும் ஒரு வரிசையில் நின்று வெட்டினான். பாதித் தோட்டம் முடிந்திருந்தபோது கண்ணாடிக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்கியது. கையில் போன்.

"தம்பி, கொஞ்சம் இதைப் பாருப்பா. நான்தான் எங்கயோ தப்பா அழுத்திட்டேன் போல, ரத்துன்னு காட்டுது. ஒரு ஆள் வரலை. அது விரலா இல்ல உலக்கையான்னு காலைலேர்ந்து என் வீட்டுக்காரி கழுவிக் கழுவி ஊத்தறா."

தம்பி போனை வாங்கினான். கண்ணாடிக்காரரின் கட்டைவிரலில் மண் காய்ந்திருந்தது. போனின் திரையிலும் அதே மண்.

"சில சமயம்... நெட்வொர்க்னால இப்படி ஆகும்" என்றான்.

"அப்போ நான் பண்ணலையே? அதை மட்டும் வந்து அவகிட்டச் சொல்லிடு."

அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "எங்களுக்கும் வந்துச்சே, பஸ்ல வரும்போது. அங்க ரத்து, இங்க போங்கன்னு."

அக்காவின் கத்தரி நின்றது. அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.  மேகத்தைப் பார்த்தாள், பறிக்காமல் நின்ற வரிசைகளைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் நிக்கறவங்க எல்லாரும் இவரோட போங்க."

"அக்கா, மழை..."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"உனக்கே இன்னும் பாதி கிடக்கேம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"பேசிட்டு நிக்காம கூட்டிட்டுப் போங்கண்ணே."

மழை மத்தியானம்வரை காத்திருக்கவில்லை. முதல் துளிகள் விழுந்ததும் பெட்டிகளைக் கொட்டகைக்குள் இழுத்துத் தார்ப்பாயால் மூடினார்கள். பின்பக்க வரிசைகளில் பழம் அப்படியே தொங்கியது. மிச்சமிருந்த ஆட்கள் கொட்டகை ஓரமாக ஒதுங்கிய பிறகும் அக்கா மட்டும் நனைந்தபடி வெட்டிக்கொண்டிருந்தாள். தம்பி இரண்டு முறை கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

அவன் போன் அடித்தது. கூட்டாளி.

"காலைல ஒரு வேலை பண்ணியே, இப்பதான் பார்த்தேன்."

தம்பி திட்டு வாங்கத் தயாரானான். வாங்கினால் கொஞ்சம் லேசாக இருக்கும்போலவும் இருந்தது.

"பிரமாதம்டா! நமக்கு ஏன் இது தோணாமப் போச்சு? மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய தோட்டக்காரர்கிட்ட இப்பதான் பேசினேன். ஆளுங்களைத் தன் பக்கம் திருப்பிவிட முடியும்னா இந்த வாரமே சேர்ந்துக்கறேங்கறார். முன்னுரிமைத் திட்டம்னு பேர் வைப்போம்."

"வேண்டாம்டா. அது தப்பு."

"நீ உன் அக்காவுக்குப் பண்ணலாம், அவர் அவருக்குப் பண்ணிக்கக் கூடாதா?"

தகரக் கூரையில் மழை கொட்டியது.  "லைன்ல இருக்கியா? நாளைக்கே அவருக்குத் திறந்துவிடறேன்" என்றான் கூட்டாளி. தம்பி போனைக் காதில் வைத்தபடியே நின்றான்.

அக்கா தலையிலிருந்து தண்ணீர் வழிய உள்ளே வந்து கூடையை மேசைமேல் கவிழ்த்தாள். பாதிக்கு மேல் வெடித்திருந்தது. சாறு மேசை விளிம்பிலிருந்து சொட்டியது. வெடிக்காததை ஒரு பக்கமும் வெடித்ததை ஒரு பக்கமும் ஒதுக்கத் தொடங்கினாள்.

"யாரு?" என்றாள், நிமிராமல்.

"கூட்டாளிதான்."

"என்னவாம்?"

"செயலி நல்லா வேலை செய்யுதாம்க்கா" என்றான் தம்பி.