கவிப்பிரியாவின் கத்திரித் தோட்டம்

மாதேஷுக்குத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு பிடிக்கும், கார் பந்தயம் பிடிக்கும். விவசாய விளையாட்டு மட்டும் ஆகவே ஆகாது. ஏற்காட்டுக்கு அப்பால் மாரமங்கலத்தில் பகல் முழுக்கக் காபிச் செடிகளுக்கு அடியில் களை எடுத்துவிட்டு வருகிறவனுக்கு, ஃபோனுக்குள்ளும் போய்க் கத்திரிக்குத் தண்ணீர் ஊற்றுவது தண்டனையாகப் பட்டது. மனைவி கவிப்பிரியாவுக்கோ அந்தப் பொம்மைத் தோட்டம்தான் உயிர். துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே எரிச்சல்.

"ஏனுங்க, அந்தப் பக்கமாத் திரும்பிச் சுடுங்க. என்ற கோழி பயப்படுது."

"உன்ற கோழி போடற முட்டையில ஒரு ஆம்லெட் ஆகுமா?"

கர்ப்பமாக இருந்தவளுக்கு எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறியது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கூட இருந்த அவள் அம்மா அத்தாயி, "கண்ணு, பேசாமத் தூங்கு" என்று ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டாள். பார்க்க வந்த மாதேஷிடம் கவிப்பிரியா ரகசியமாக ஒன்றுதான் கேட்டாள்.

"தெனமும் தண்ணி ஊத்தலீன்னா நொம்ப வாடிப்போயிருமுங்க. உங்க ஃபோன்ல என்ற தோட்டத்தத் தொறந்து பாத்துக்குங்க."

முகம் வெளுத்து, கையில் பிளாஸ்திரியோடு படுத்திருந்தவளிடம் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம் பெய்த மழையில் ஊர்ப் பக்கம் சிக்னல் போய்விட்டது. சாயங்காலமானால் சிக்னல் கிடைக்கிற ரோட்டின் மேல் வளைவு வரை நடந்துபோய், குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றினான். திட்டிக்கொண்டேதான் ஊற்றினான். பூச்சி கிடையாது, காட்டெருமை கிடையாது, பத்து நிமிடத்தில் காய்க்கிறதாம் கத்திரி! அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். செடிகளை அவள் ஒட்ட ஒட்ட நட்டு வைத்திருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பாதியைப் பிடுங்கிவிட்டு, காற்றுப் போக இடம் விட்டு வரிசையாக நட்டான்.

பதினாறாம் நாள் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். இரண்டு நாள் கழித்து அத்தாயி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏனுங்க, பாதித் தோட்டத்தக் காணோம்?"

"நெருக்கி நட்டா வேர் அழுகிரும் புள்ள."

"இதுல வேரே கெடையாதுங்க!"

சிரித்தாள். தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! மாதேஷ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டான்.

அடுத்த வாரம் மூவருமாக ஜீப்பில் ஊர் திரும்பினார்கள். ஏற்காடு வருவதற்கு முன்னாலேயே தன் ஃபோனிலிருந்து அந்த விளையாட்டை அழித்துவிட்டான்.

"இனி நீயே பாத்துக்க. எனக்கு இது ஆகாது."

"புடிக்காமத்தான் இத்தன நாளா ஊத்துனீங்களா?"

"புடிக்காமத்தான்" என்றவன், குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் துண்டை இழுத்துவிட்டான்.