ரெக்சன் தலைக்கொரு தொப்பி

விரிசல் விட்ட ஹெல்மெட்டை விஜிலா குப்பையில் போடவில்லை. அந்தோனியார் படத்துக்குக் கீழே, வீட்டுக்கு வருகிற எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தாள். போன செவ்வாய்க்கிழமை வேப்பமரம் வெட்டும்போது கொப்பு முறிந்து புருஷன் தலையில் விழுந்ததற்கு அதுதான் சாட்சி. பைக் ஓட்டுகிறவர்கள் போடுகிற ஹெல்மெட் அது. அதை மாட்டிக்கொண்டுதான் ரெக்சன் இரண்டு வருஷமாக மரம் அறுக்கிற செயின்சா மெஷினைப் பிடிக்கிறான். மூச்சு விட்டால் கண்ணாடி மங்கும். கண்ணாடியைத் தூக்கினால் மரத்தூள் கண்ணில் அடிக்கும். "அதான் தப்பிச்சாச்சுல்லா, விடு" என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. செயின்சாவைத் தூக்கிப்போய் உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். சரியான தொப்பி வாங்கினால்தான் பூட்டு திறக்கும். சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டுவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் வன்னியபெருமாள் அண்ணாச்சி கடைக்குப் போனார்கள். ஹார்பர் போகிற ரோட்டில் இருக்கிறது. பூட்ஸ், கையுறை, வெல்டிங் கண்ணாடி, லைஃப் ஜாக்கெட் எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். அண்ணாச்சி நலம் விசாரித்து முடிப்பதற்குள் வாசலில் இரண்டு டவுன் பஸ் போய்விட்டது. முதலில் மஞ்சள் தொப்பி ஒன்றை எடுத்து ரெக்சன் தலையில் வைத்தார். "ஹார்பர்ல பூராப் பேரும் இதத்தான் போடுதாவ."

"மேல பாருங்க" என்றாள் விஜிலா. ரெக்சன் அண்ணாந்தான். தொப்பி பின்பக்கமாகக் கழன்று பூட்ஸ் குவியலில் போய் விழுந்தது.

"மரம் வெட்டுதவன் மேல பாக்காம வேற எங்க பாப்பான், அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். ஆரஞ்சு நிறத் தொப்பி. முகத்துக்குக் கம்பிவலை, இரண்டு காதுக்கும் கிண்ணம் போல மூடி, தாடைக்குக் கீழே வார், பின்மண்டையில் இறுக்கிக்கொள்ள ஒரு திருகு. விஜிலா அதை மாட்டிவிட்டு, அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தேங்காயை ஆட்டுவதுபோல ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. வலைக்குள் ஊதச் சொன்னாள். மங்கவில்லை. மனசுக்குள் அந்த நிமிஷமே வாங்கிவிட்டாள்.

ரெக்சனோ அதைக் கழற்றிக் கீழே வைத்தான். "இது வேண்டாம். காத மூடிட்டா மச்சான் சத்தம் எப்படிக் கேக்கும்? மரம் சாயயில அவரு ஓடுன்னு கத்துவாரு. அதுலதான எனக்கு உயிரு இருக்கு."

மச்சான் என்றது விஜிலாவின் அண்ணன் செல்வினை. ரெக்சன் அறுக்கும்போது தள்ளி நின்று மரத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணாச்சியும் தலையாட்டினார். ரெக்சன் வேறு தொப்பிகளைப் பார்க்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்போ எத வாங்கலாங்கிய?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"சரி" என்றான்.

விஜிலாவுக்கு எங்கோ உறுத்தியது. நின்ற இடத்திலேயே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "செயின்சாவக் கொண்டுபோயி கடல்ல போட்டுருதேன்."

"சரி, சரி."

"நான் எங்கம்மா வீட்டுக்கே போயிருதேன்."

"சரிளா."

அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நின்ற மனுஷன், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற சங்குகுளித் தொழிலை விட்டுக் கரைக்கு வந்த பிறகு எதற்கும் சரி என்றே சொல்லி வந்தான். மாதா செய்த புதுமை என்று நம்பி மாதாமாதம் மெழுகுதிரி ஏற்றியவள் விஜிலா. பக்கத்து வீட்டு ஹில்டாவிடம் பெருமை வேறு அடித்திருக்கிறாள். அத்தனையும் காதில் விழாமலே சொன்ன சரி என்று இப்போது புரிந்ததும் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன் என்று செவ்வாய்க்கிழமை அண்ணன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ரெக்சன் முன்னால் போய் நின்றாள்.

"எத்தன நாளா இப்படி?"

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "கடல விட்டதுல இருந்தே. வலது காது செத்துட்டு. எடது கொஞ்சம் கேக்கும். சொன்னா இந்த வேலைக்கும் விடமாட்டியே."

"அப்போ எங்கண்ணன் கத்துறது?"

"கேக்காது. கைய ஆட்டுவாரு, அத வச்சி ஓடிருவேன். கண்ணாடி மங்கிட்டா அதும் கெடையாது."

"மிச்சமிருக்க காதையும் மெஷினுக்குக் குடுக்கப் போறியளா? அந்தத் தொப்பியப் போட்டு மூடுங்க."

"மூடிட்டா ஒண்ணுமே கேக்காதே, விஜி."

"கடலுக்குள்ள மட்டும் என்ன கேட்டிச்சு? எங்கண்ணன் கத்தியா மேல வந்திய?"

ரெக்சனின் கை தானாக இடுப்பைத் தொட்டது. சங்கு எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் போட்டில் இருந்து பிடிப்பது பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று நினைக்கிறவன் கயிற்றை விடமாட்டான். பத்து வருஷம் ரெக்சனுக்குக் கயிறு பிடித்து, அது அசைந்ததும் மேலே தூக்கியவன் செல்வின்.

"கயிறும் இருக்கு" என்றார் அண்ணாச்சி. "எத்தன மீட்டர் வெட்டணும்?"

சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில், மெஷினை முடுக்குவதற்கு முன் ஒத்திகை நடந்தது. ரெக்சன் இடுப்பில் கயிற்றை முதுகுப்பக்கமாகக் கட்டினார்கள். மரம் சாயப்போகிற பக்கத்தை விட்டு விலகி, கயிறு காலில் சிக்காதபடி உயர்த்திப் பிடித்துக்கொண்டு செல்வின் நின்றான். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் ஓடி வா. ரெக்சன் காலை மாற்றி வைத்தான். கயிறு ஆடியது. அவ்வளவுதான். செல்வினின் பழைய கை விழித்துக்கொண்டது. மடமடவென்று இரண்டு கையாலும் இழுத்தான். ஆரஞ்சுத் தொப்பியோடு ரெக்சன் மண்ணில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நாலடி வந்தான்.

"மேல தூக்கச் சொல்லுதியோன்னு நெனச்சிட்டேன், மாப்ள!"

வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஜிலாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுபடி இரண்டு முறை பார்த்தார்கள். சரியாக வந்தது.

"அண்ணே, ஒருக்க எங்கிட்ட குடு" என்று கயிற்றை வாங்கினாள். மெதுவாக ஒரு இழுப்பு. மரத்தடியில் நின்றவன் உடனே திரும்பினான். கம்பிவலையைத் தூக்கினான்.

"பாத்து வெட்டுங்க" என்றாள் விஜிலா.

அவன் உதடு பழக்கத்தில் சரி என்று விரிந்தது. அப்படியே நின்றது. இடது காது மூடியைத் தூக்கிவிட்டு, அந்தக் காதை அவள் பக்கம் திருப்பினான்.

"ஏளா, கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

விஜிலா கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே அவனை நோக்கி நடந்தாள்.