ஒருத்தி மடித்தால் எத்தனை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் மடிப்பறையில் எட்டு பேர் வேலை செய்தார்கள். எட்டு என்பது சம்பளப் பட்டியலில். அறைக்குள் எட்டிப் பார்த்தால் நான்கு ஜோடி. கட்டில் விரிப்பு என்றால் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, நடுவில் வந்து சேர்ந்து, மறுபடி விலகிப் போக வேண்டும். தரையில் பட்டதோ போச்சு, திரும்பவும் கொதிநீர்த் தொட்டிக்குத்தான்.

மூன்றாவது மேஜையில் ஒரு அண்ணியும் அவளுடைய சொந்த நாத்தனாரும். இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. இரவல் போன குக்கர் வெயிட் இல்லாமல் திரும்பி வந்ததில் ஆரம்பித்த சண்டை. வெயிட் அப்புறம் கிடைத்துவிட்டது, பேச்சுதான் கிடைக்கவில்லை. வேலைக்குப் பேச்சு தேவைப்படவும் இல்லை. துணியை ஒரு தடவை சுண்டி இழுத்தால் இறுக்கிப் பிடி என்று அர்த்தம். இரண்டு தடவை என்றால் திருப்பு. மூன்று தடவை என்றால் திட்டு.

செவ்வாய்க்கிழமை காலை திட்டப் பிரிவு அதிகாரி வந்து சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினார். கீழே ஆட்களின் எண்ணிக்கை, பக்கவாட்டில் மணிக்கு எத்தனை விரிப்பு. எட்டு பேர் இருநூற்று நாற்பது மடிப்பதாகப் பதிவேட்டில் பார்த்து, எட்டால் வகுத்து, ஆளுக்கு முப்பது என்று பென்சிலால் ஒரு நேர்கோடு போட்டிருந்தார். கோட்டின் இரண்டு நுனியிலும் அம்புக்குறி. மடிப்பறைக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

"ஒரு வார்டை மூடிட்டாங்க. இனிமே மணிக்கு இருநூத்திப் பத்து போதும்," என்றார். "முப்பதால வகுத்தா ஏழு. ஒருத்தர் அதிகம்."

கடைசியாகச் சேர்ந்தவர் போக வேண்டும் என்பது விதி. அண்ணி சேர்ந்த மறுநாள் சேர்ந்தவள் நாத்தனார். அவளுக்குப் பின்னால் யாரும் சேரவில்லை.

ஒளிக்காமல் சொல்வதென்றால், அண்ணிக்கு முதலில் ஒரு குட்டி சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஒரு விரிப்பு மடிக்கும் நேரம்கூட அது தங்கவில்லை. நாத்தனாரின் புருஷன் முதுகில் அடிபட்டுப் படுத்து இரண்டு வருஷம். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால். நாத்தனார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சுண்ட வேண்டிய இடத்தில் சுண்டாமல் துணியைப் பிடித்தபடி நின்றாள். அண்ணி தன் முனையை மேஜையில் வைத்துவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரு சந்தேகம்," என்றாள். "இந்தக் கோடு ஜீரோவைத் தாண்டி அந்தப் பக்கம் போகுதே, அது யாரு?"

"அது மைனஸ். மைனஸ் ரெண்டு பேர்னா மைனஸ் அறுபது விரிப்பு. கோட்டுக்கு முடிவு கிடையாது."

"அப்ப அந்த ரெண்டு பேரும் வந்து, மடிச்ச அறுபதைக் கலைச்சுட்டுப் போவாங்களா?"

அதிகாரி யோசித்தார். "கணக்குப்படி, ஆமா."

"அது நிஜம்தான். எங்க வீட்ல ரெண்டு இருக்கு. இப்ப ஸ்கூலுக்குப் போயிருக்கு."

"இந்தப் பக்கம் எது வரைக்கும் சார் போகும்?" என்றாள் நான்காவது மேஜைக்காரி.

"எது வரைக்கும் வேணாலும். நூறு பேர்னா மூவாயிரம்."

எல்லோரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். நூறு பேர் அங்கே நின்றால் மூச்சு விடுவதற்கே முறை வைக்க வேண்டும். அதிகாரியும் பார்த்தார். நியாயமான ஆள்தான்; அழிப்பானை எடுத்து இரண்டு அம்புக்குறிகளையும் அழித்தார்.

"சரி, நடைமுறைக்கு ஜீரோவிலேர்ந்து எட்டு வரைக்கும்தான். ஆனா ஏழு அதுக்குள்ளதானே வருது?"

"ஒண்ணுங்கிறதும் அதுக்குள்ளதான் வருது. ஒருத்தர் எத்தனை மடிப்பாங்க?" என்றாள் அண்ணி.

"முப்பது."

"ஒண்ணே ஒண்ணு மடிச்சுக் காட்டுங்க சார்."

அதிகாரி கையைக் கழுவிவிட்டு வந்தார். இரண்டு மூலையைப் பிடித்தார். மற்ற இரண்டு மூலையும் தரைக்குப் போயின. ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தார். மோவாயில் கவ்விப் பார்த்தார். மேஜையில் போட்டால் இருபுறமும் வழிந்தது. நான்கு விரிப்புகள் தொட்டிக்குப் போயின. ஐந்தாவது விரிப்பு அவரை மடித்தது.

அதற்குள்ளிருந்து வெளியே வந்து வரைபடத்தின் முன்னால் நின்றார்.

"ஒருத்தர்னா ஜீரோ," என்று குறித்தார். "மூணுன்னா அறுபது. ஏழுன்னா..." பென்சில் நின்றது. "நூத்தியெண்பது. ஆறு பேர் மடிக்கிறதுதான். ஏழாவது ஆளு சும்மா நிப்பாங்க. தலையணை உறை மடிக்கச் சொல்லலாமா?"

"அதை மிஷின் மடிக்குது," என்றார் வாசலில் நின்றிருந்த சலவைக்கூட மேற்பார்வையாளர்.

"அப்ப அந்த ஏழாவது ஆளு யாரு?"

"நான்தான் சார்," என்றாள் அண்ணி. "அவ இல்லாம நான் ஜீரோ. நீங்க இப்பதான் எழுதுறீங்க. எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியும்."

அதிகாரி கோட்டை முழுசாக அழித்துவிட்டு ஐந்து புள்ளிகள் வைத்தார்: ஜீரோ, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. இருநூற்றுப் பத்துக்குக் குறையாமல் கொடுக்கிற புள்ளி அதில் ஒன்றுதான் இருந்தது. குறிப்பேட்டில் 'எட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முப்பது அதிகமா வருமே?" என்றார், தனக்கே சொல்வதுபோல.

"மடிச்சு வச்சா கெட்டா போயிடும்?" என்றார் மேற்பார்வையாளர்.

நாத்தனார் அடுத்த விரிப்பை எடுத்தாள். கண் நிறைந்திருந்தது. அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை, இரண்டு கையிலும் துணி.

"மூலை கோணலா இருக்கு, அண்ணி," என்றாள்.

"நீ பிடிச்சதுதான்டி கோணல்."

"நான் எப்பவும் நேராத்தான் பிடிப்பேன்."

"எப்பவுமா? சொல்லட்டுமா? போன மாசம்..."

அந்த ஒரு மணி நேரத்தில் மூன்றாவது மேஜையில் அறுபது விரிப்புக்குப் பதில் இருபத்தெட்டுதான் ஆயிற்று. அதிகாரி எண்ணிப் பார்த்தார். குறித்துக்கொள்ளவில்லை.