வாங்க மாட்டேன் என்றவள்

தெமெனுகாவுக்கு லிப்ஸ்டிக் என்றால் உயிர். குளியலறை அலமாரி, படுக்கையறை மேசையின் இழுப்பறைகள், போதாததற்குக் கணவனின் சாக்ஸ் பெட்டி, எல்லாம் நிரம்பி வழிந்தன. இருக்கிற ஒரு வாய்க்கு இத்தனையா என்று பிளாமென் ஒரு நாள் கேட்டான். கேலியாகத்தான் கேட்டான், ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இனிமேல் ஒன்றும் வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

முடிவெடுத்துவிட்டால் ஆயிற்றா? இவள் ஒருத்தி நிறுத்திவிட்டாள் என்பதற்காக உலகத்தில் யாரும் புது நிறம் போடுவதை நிறுத்தவில்லை. வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று வந்து கண்ணைப் பறித்தது. கையைக் கட்டிப்போட அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் செல்போனை ஜன்னலோரம் நிறுத்தி, அந்த வாரம் வந்த புதுச் சரக்குகளின் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றையும் ஏன் வாங்கப் போவதில்லை என்று பேசிப் பதிவேற்றினாள். இப்படிப் பேசுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பொருளைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. வாங்கவில்லை என்பதுதானே பேச்சே. படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் போதும்.

முதலில் நியாயமாகத்தான் பேசினாள். இந்தச் சிவப்பு என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, இந்தப் பவுடர் என் தோலுக்கு ஒத்துவராது என்கிற அளவில். போகப் போக ஒரு விஷயம் புரிந்தது. எது ரொம்பப் பிடித்துப் போகிறதோ, அதை ரொம்ப மோசமாகத் திட்டினால்தான் ஆசை அடங்கியது. இல்லாவிட்டால் விரல் தானாகப் போய் வாங்கிவிடும். திட்டத் திட்ட ஆசை அடங்கியது, பார்க்க ஆட்களும் சேர்ந்தார்கள். அவள் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள், கண் பரிசோதனையை மறந்துவிட்டு, "இந்த வாரம் யாரைக் கிழிக்கப் போற?" என்று கேட்டார்கள். டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ரூசே நகரத்தில் அவளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் அவளுக்கு இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வருகிற மலர் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பூப்பெயர் வைத்திருக்கிற எல்லோருக்கும் பெயர் நாள். தெமெனுகா என்றால் ஊதாப்பூ, ஆகவே அவளுக்கும் கொண்டாட்டம். அதையொட்டி யாரோ ஒரு புதுச் சின்னக் கம்பெனி பூக்களின் பெயரில் லிப்ஸ்டிக் வெளியிட்டிருந்தது. அதில் ஒன்றின் பெயர் தெமெனுகா. அந்தப் படத்தை அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஊதாவும் இல்லை, பழுப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு அடர்த்தியான நிறம். இத்தனை வருஷமாக இழுப்பறை இழுப்பறையாக வாங்கிக் குவித்தது இந்த ஒன்றைத் தேடித்தானோ என்று தோன்றியது. அதனால் அந்த வெள்ளிக்கிழமை அவள் வாய்க்குப் பூட்டே இல்லை.

"எம்பேரையே வெச்சுக் கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்டியம்மா! இதைப் பூசிக்கிட்டு ஆத்தங்கரைப் பக்கம் போனா, டான்யூப்ல நாலு நாள் மெதந்தவ எந்திரிச்சு நடக்குறான்னு போலீஸ் வந்துரும். செஞ்ச புண்ணியவதிக்குக் கண்ணு சரியில்லபோல. எங்க கடைக்கு வாம்மா, நல்ல கண்ணாடியா பாத்துப் போட்டு விடுறேன்."

'டான்யூப்ல மெதந்தவ' ஊரெல்லாம் பறந்தாள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டார்கள். மறுநாள் காலை பிளாமென் காப்பி குடித்துக்கொண்டே அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு படத்திலிருந்த பெட்டியைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"ஐயோ தெமா, இது அண்ணி செஞ்சது."

"எந்த அண்ணி?"

"எனக்கு எத்தனை அண்ணி? ஸ்விலேனா அண்ணிதான். வீட்டுப் பின்னால ஷெட்ல வெச்சு ரெண்டு வருஷமா செஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாங்க."

ஸ்விலேனா பிளாமெனின் அண்ணன் லூபெனின் மனைவி. தெமெனுகாவுக்கு ஓரகத்தி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள், அதிர்ந்து பேசாதவள், உதட்டில் ஒன்றும் பூசாதவள். அவளாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

"மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"பேர் நாள் அன்னிக்கு அவங்களே வந்து சொல்லணும்னு இருந்தாங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்காதேன்னாங்க. தொறக்கல." பிளாமென் தலையைச் சொறிந்தான். "நீ இப்படித் தொறப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தெமெனுகா பதிவை உடனே நீக்கினாள். நீக்கி என்ன பிரயோசனம், அது ஏற்கெனவே கைமாறிப் போய்விட்டது. ஸ்விலேனாவுக்குப் போன் போட எடுத்தாள், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். நேரில் போகலாம் என்று கோட்டை மாட்டினாள், கழற்றினாள். என்ன சொல்வது? அந்த வாரம் முழுக்கக் கடையில் கண்ணாடி முன்னால் நிற்கவே கூசியது.

பெயர் நாளுக்கு எங்கள் பக்கம் யாரும் யாரையும் அழைப்பதில்லை. நினைவு வைத்திருப்பவர்கள் தாமே வருவார்கள், வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். வாருங்கள் என்று கூப்பிட்டு ஸ்விலேனாவின் மனதை ஆழம் பார்க்கவும் தெமெனுகாவுக்கு வழியில்லை. வந்தால் மன்னித்துவிட்டாள், வராவிட்டால் இந்த ஜன்மத்தில் இல்லை என்று அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு நிறைந்துவிட்டது. வால்நட் அடைத்த கெண்டை மீன் அடுப்பிலிருந்து இறங்கியது, ராக்கியாச் சாராயக் கோப்பைகள் நிரம்பின. ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் தெமெனுகா ஓடினாள். கடைசியில் ஸ்விலேனா வந்தாள், கணவனோடும் சின்னப் பெண்ணோடும். கையில் ஒரு பூந்தொட்டி. வழக்கம்போலவே தெமெனுகாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"நல்லாயிரு தெமா. மீன் வாசம் படிக்கட்டு வரைக்கும் வருது."

ஒரு வார்த்தை அதிகமில்லை, ஒரு வார்த்தை குறைவில்லை. அப்பாடா என்று தெமெனுகாவுக்கு உயிர் வந்தது. பார்க்கவே இல்லையோ என்னவோ என்றுகூட நம்பத் தொடங்கினாள். எப்படியாவது தனியாகப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தாள்.

அதற்குள் தோன்ச்சோவுக்கு ராக்கியா ஏறிவிட்டது. பிளாமெனோடு படித்தவன், எந்தப் பந்தியிலும் சும்மா இருக்கத் தெரியாதவன். கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"நம்ம தெமெனுகாவுக்காக! டான்யூப்ல மெதந்தவளுக்காக!" என்றவன், கண்ணைச் செருகி, நாக்கைத் தள்ளி, கைகளை முன்னால் நீட்டி மேசையைச் சுற்றி நடந்து காட்டினான். "யாரும்மா செஞ்சது? கண்ணு தெரியாதவளா?"

மேசையே அதிர்ந்தது. தெமெனுகாவும் சிரித்தாள். ஒரு கணம்தான், ஆனால் சிரித்தாள். தன் நகைச்சுவையை இன்னொருவன் அத்தனை அழகாகச் செய்து காட்டினால் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்த வாயோடு திரும்பினால், ஸ்விலேனா மகளின் தட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அது அங்கே மாட்டிவைத்ததுபோல அசையாமல் இருந்தது. லூபென் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

தெமெனுகாவால் தாங்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளி எழுந்தாள்.

"சிரிக்காதீங்க! அதைச் செஞ்சது எங்க அக்கா. இதோ, ஸ்விலேனா அக்கா. தெரியாம பேசிட்டேன். நான் பேசினது தப்பு, எல்லார் முன்னாலயும் சொல்றேன், தப்பு."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியது போலிருந்தது. அவளுக்கு மட்டும்தான் இறங்கியது. அத்தனை தலைகளும் ஸ்விலேனா பக்கம் திரும்பின. தோன்ச்சோ நீட்டிய கையை மடக்க மறந்து நின்றான். யாரோ ஒருத்தி, "அட, நீங்களா?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் ரொட்டியைப் பிய்த்தாள். ஸ்விலேனாவின் கழுத்து சிவந்தது. மீன் கை என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

தெமெனுகா பின்னாலேயே ஓடினாள். ஸ்விலேனா குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா..."

"கம்பெனிக்குப் பின்னால நான்னு நம்ம வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. நாளைக்கு டீச்சர்ஸ் ரூம் வரைக்கும் போயிரும். இதுக்குத்தான் எந்திரிச்சு நின்னியா?"

"மனசு கேக்கலக்கா."

"உம்மனசு." ஸ்விலேனா குழாயை மூடினாள். "சரி."

"உங்களோடதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னொண்ணு சொல்லட்டுமா? எனக்கு அந்த நெறம் அவ்வளவு பிடிச்சுது. வாங்கிருவேனோன்னு பயந்துதான் அப்படிப் பேசினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"உன் கண்ணு எதுல நிக்கும்னு பாத்துப் பாத்துத்தானே அந்த நெறத்தைப் பிடிச்சேன். மொதல் அச்சுல எடுத்தது உனக்குன்னு வெச்சிருக்கேன். வெளிய கைப்பையில இருக்கு." துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "வர்றப்ப குடுக்கலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். இப்ப குடுக்க மனசு வரல. தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளும் நிலைமையிலா தெமெனுகா இருந்தாள்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதால் அதுவும் வேஷமாகத் தெரியும் என்று அழுகையை அடக்கினாள்.

"உங்களோடதுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை பேசியிருப்பேனாக்கா?"

"மாட்ட." ஸ்விலேனா துண்டை ஆணியில் மாட்டினாள். "வேற எவளோடதோன்னா பேசலாம், இல்ல?"

கூடத்தில் யாரோ வேண்டுமென்றே சத்தமாகப் புதுப் பேச்சு ஒன்றைத் தொடங்கினார்கள்.

"உன்னை மட்டும் சொல்லல. நானும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உட்காந்து பாத்துச் சிரிச்சவதான். என்னோடதுக்கு முந்தின வாரம் ஒருத்தியைப் போட்டுத் தாளிச்சியே. ஐஷேடோ. செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பை டப்பால போட்டுக் குடுத்திருக்கான்னு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். அதுவும் யாரோ தனியா செஞ்சு விக்கிறவதான். அவ பேர் என்ன?"

தெமெனுகா யோசித்தாள். வெளிர் ரோஜா நிறம், அது நினைவிருந்தது. சுண்ணாம்பு வசனம் ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. அதைச் சொல்லும்போது போட்டிருந்த பச்சைச் சட்டைகூட நினைவிருந்தது. செய்தவளின் பெயர் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஸ்விலேனா கதவில் சாய்ந்துகொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

அந்தப் பெயரைத் தெமெனுகா படிக்கவே இல்லை.