தட்டில் வைத்த பன்

தாமிரக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் மெஷினுக்குப் பக்கத்துத் தட்டில் அன்றும் ஒரு பன் இருந்தது. தாளில் சுற்றி, கம்பி உருளைக்கு அடியில் செருகியிருந்தார்கள். அதியா சுற்றிலும் பார்த்தாள். லைன் பெண்கள் எல்லோரும் தலை குனிந்து தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை. நிமிராததுதான் அவளுக்குச் சந்தேகம்.

நோன்பு மாதம். பத்து மணிக்கு டீயும் பன்னும் கொண்டுவரும் பொன்னுசாமி, அவள் முஸ்லிம் என்பதால் அவளைத் தாண்டிப் போய்விடுவார். அவள் பங்கு பன்னைச் சாயங்காலம் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஓசூர் கம்பெனிகளில் அது ஒரு மரியாதை. அந்த மரியாதைதான் அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

பதினைந்து வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய். காலையில் இன்சுலின் போட்டால் நடுவில் எதையாவது தின்றே ஆக வேண்டும். நோன்பு வைக்க வேண்டாம் என்று கிருஷ்ணகிரியில் அவள் அப்பாவே சொல்லியிருந்தார். ஆனால் நோன்பு இல்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள். ஊசி விஷயம் வெளியே வரும். போன கம்பெனியில் அப்படி வந்துதான், மெஷினில் விழுந்து செத்தால் யார் பதில் சொல்வது என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். அதனால் நோன்பு என்று பொய் சொல்லிவிட்டு, கக்கூஸில் நின்று வெல்லக்கட்டி கடித்தாள்.

அப்படியிருக்க இந்தப் பன் யார் வேலை? தின்றால் பிடித்துக்கொள்ள வைத்த பொறி என்றே நினைத்தாள். முதல் சந்தேகம் அதே லைனில் வேலை செய்யும் ஜெயமணி மேல். மூக்கண்டப்பள்ளியில் இருவருக்கும் ஒரே அறை. போன வாரம் ஊசி டப்பா இடம் மாறியிருந்தது. போதாததற்கு ஜெயமணி சூப்பர்வைசர் சௌந்தரராஜனின் ஊர்க்காரி. அடுத்தது ஸ்டோர் லால் பாஷா. பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிறவர். கொஞ்ச நாளாக ஜன்னல் வழியே அவளையே பார்க்கிறார். அவர் வாயில் விழுந்தால் ஜமாத் வரைக்கும் போகும்.

பன்னைக் குப்பையில் போட்டுவிட்டுக் கக்கூஸுக்குப் போனாள். வாசலில் ஜெயமணி நின்றிருந்தாள். அதியா உள்ளே போகாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் விரல் நடுங்கியது. வியர்த்தது. கம்பி இரண்டாகத் தெரிந்து, அறுந்தது. மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்க நினைத்தாள், கால் கேட்கவில்லை. யாரோ மெயினை அணைத்தார்கள். யாரோ மோவாயைப் பிடித்து, கன்னத்துக்குள் சர்க்கரையை அப்பினார்கள். அந்த விரலை அவள் கடித்தாள்.

"கடிக்காம முழுங்குடி," என்றாள் ஜெயமணி.

கண் தெளிந்தபோது லைன் முழுக்கச் சுற்றி நின்றது. லால் பாஷாவும் நின்றார். அவர் மனைவிக்கும் இதே ஊசிதானாம். அதியா ஒருநாள் வேர்த்துத் தள்ளாடிப் போனதைப் பார்த்து ஜெயமணியைக் கேட்டிருக்கிறார். அவள் டப்பாவைத் திறந்து பார்த்து ஆமாம் என்றிருக்கிறாள். பன் லால் பாஷா வாங்கியது. தட்டில் வைத்தது லைன் பெண்கள், முறை போட்டுக்கொண்டு.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றாள் அதியா. குரலில் நன்றி இல்லை.

"சொன்னா அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறியிருப்ப. தின்னுவேன்னு பாத்தா குப்பையில போடுற, கொழுப்பெடுத்தவ."

லைன் ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டே சௌந்தரராஜன் வந்தார். நோன்பு மயக்கம் என்று ஜெயமணி ஆரம்பித்தாள். அதியா எழுந்து நின்றாள். இந்த முகங்களில் எது நாளைக்கு மாறும் என்று தெரியவில்லை. ஆனால் இன்னொரு தடவை கக்கூஸில் நின்று தின்ன அவளால் முடியாது.

"நோன்பு இல்ல சார். எனக்குச் சக்கர. தெனம் ஊசி போட்டுக்கறேன். நேரத்துக்குத் தின்னா எல்லாரையும் போல ஓட்டுவேன்."

மேனேஜரிடம் சொல்லாமல் முடியாது என்றார் அவர்.

"சொல்லுங்க சார்," என்றாள் ஜெயமணி. "லைன் மொத்தத்துக்கும் தெரியும், நாங்க பாத்துக்கறோம்னும் சேத்துச் சொல்லுங்க."

அவர் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். அவர் போகும்வரை யாரும் மெஷினில் உட்காரவில்லை.

அடுத்த மாதம் நிரந்தரம் வரவில்லை. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று நீட்டினார்கள். போகச் சொல்லவில்லை. அதியா எல்லோரையும் கூப்பிட்டு, தான் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருத்தியையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். இரண்டு பேரை நம்பினாள். மற்றவர்களை நம்பலாமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.