காதில் ஓதியவன்

இரண்டு ஓரகத்திகள் ஒரே சலவைக்கடையில் நின்றால் மாதம் தாண்டாது, மண்டை உடையும் என்றுதான் உறவில் எல்லோரும் சொன்னார்கள். நடந்தது வேறு. மூத்தவளும் இளையவளும் சிரிக்கிற சிரிப்பில் மெஷின் ஓடுகிற சத்தமே கேட்பதில்லை என்று அவர்கள் கணவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

மூத்தவள் நிதானக்காரி. இஸ்திரி மேசை அவளுடையது. காலரில் தொடங்கி, தோள், கை, முன்பக்கம் என்று நீராவி புஸ்ஸென்று எழ அவள் தேய்த்து வைக்கும் சட்டையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். இளையவள் பரபரப்புக்காரி. வரும் மூட்டையைப் பிரித்து, வெள்ளை வேறு கலர் வேறாகப் போட்டு, பாக்கெட்டுகளைத் துழாவி, கறைக்கு மருந்து தடவி, மெஷினில் ஏற்றுவது வரை அவள் பொறுப்பு. பாக்கெட்டுகளில் பேனா கிடைக்கும், பொத்தான் கிடைக்கும். ஒரு நாள், "அக்கா, இங்க பாருங்க, ஒருத்தர் சிரிப்பையே மறந்து வெச்சுட்டுப் போயிட்டார்" என்று ஒரு செயற்கைப் பல் செட்டைத் தூக்கிக் காட்டினாள். அண்ணனும் தம்பியுமான கணவர்கள் இருவரும் வேனில் போய் அழுக்குத் துணியை எடுத்து வருவார்கள். வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

ஓரகத்திகள் இருவரும் சபையில் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள். கடையில் மதியம் மெஷின்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்து ஜெபிப்பது வழக்கமாயிற்று. ஒரு நாள் பக்கத்துக் கடைப் பூட்டு ரிப்பேர்க்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார். "உங்க கடையிலதான் ஃபேன் நல்லா சுத்துது. நான் ஓரமா உக்காந்துக்கட்டா?" என்றார். உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். கண்ணை மூடமாட்டார், வாயைத் திறக்கமாட்டார். ஆனால் ஒரு நாளும் தவறமாட்டார். பிறகு க்ளினிக்கிலிருந்து அழுக்குக் கோட்டுகளைக் கொண்டுவரும் நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். "இங்க வந்தாத்தான்க்கா நான் மூச்சு விடறேன்" என்றாள். அவள் இன்னும் இருவரைக் கூட்டிவந்தாள். சலவைத் தூள் வாசனைக்கு நடுவில், துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கவலையை ஒருவர் ஆண்டவரிடம் சொன்னார்கள்.

அப்போதுதான் தொடங்கியது.

ஒரு மதியம் நர்ஸ் கிளம்பும்போது மூத்தவளிடம், "சின்னக்கா ஜெபம் பண்ணா மனசு அப்படியே எளகிடுது" என்றாள்.

"ஆமா, அவ நல்லாப் பண்ணுவா" என்றாள் மூத்தவள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் புதுச் சட்டையில் எடுக்காமல் விட்ட குண்டூசி போல என்னவோ சுருக்கென்றது. மறுநாள் அவள் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் இளையவள் ஜெபத்தைத் தொடங்கிவிட்டிருந்தாள். நர்ஸுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மூத்தவள் ஈரக்கையோடு நின்றபோது உள்ளே ஒன்று சொல்லிற்று: 'நீ இல்லாமலே எல்லாம் நடக்கும்னு அவ நெனக்கிறா.'

அது வெளியாள் குரலாக இருந்திருந்தால் அவள் உஷாராகியிருப்பாள். அது அவள் குரலிலேயே, அவள் பேசுகிற நிதானத்திலேயே பேசியது. இஸ்திரி போடும்போது கூடவே நின்றது. இளையவள் வாடிக்கையாளரோடு சிரித்தால், 'பாத்தியா' என்றது. பேசாமல் இருந்தால், 'பாத்தியா, பேசவே மாட்டேங்கறா' என்றது. உப்புப் பெறாத விஷயமெல்லாம் ஊதி ஊதிப் பெரிதாகி, மூத்தவளின் பதில்கள் சுருங்கின. "ம்" என்றாள். "சரி" என்றாள். பிறகு அதுவும் இல்லை. பதிலுக்கு இளையவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சபையில் ஞானஸ்நான ஆராதனை வர இருந்தது. பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளைப் பளிச்சென்று வெளுத்துத் தருவதாக மூத்தவள் போதகரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமை இளையவள் மெஷினைத் திறந்தாள். அப்படியே நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

அங்கிகள் அத்தனையும் இளஞ்சிவப்பு. நடுவில், ஓட்டல் மூட்டையிலிருந்து தப்பி வந்து சுருண்டு கிடந்தது ஒரு சிவப்பு ஏப்ரன்.

"அக்கா..." என்றாள் இளையவள்.

மூத்தவள் வந்து பார்த்தாள். 'வேணும்னே பண்ணியிருக்கா. வாக்குக் குடுத்தது நீதான?' என்றது உள்ளே. அவள் வாயைத் திறந்தால் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். திறக்காமல் இஸ்திரி மேசைக்குத் திரும்பினாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. இளையவள் அங்கிகளை வாரிக்கொண்டு பின்பக்கத் தொட்டிக்குப் போனாள். அன்று மதியம் ஷட்டர் பாதி இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. யாரும் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

பூட்டு ரிப்பேர்க்காரர் தன் நாற்காலியோடே வந்துவிட்டார். இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஒரு முதுகு.

"என்னம்மா, இன்னிக்கும் கடவுளுக்கு லீவா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

க்ளினிக் கோட்டின் காலரில் இஸ்திரிப்பெட்டி நின்றது. மூத்தவள் யோசித்தாள். சண்டை வந்து இத்தனை நாளில் கடையில் எது நின்றது? மெஷின் நிற்கவில்லை. வேன் நிற்கவில்லை. வியாபாரம் குறையவில்லை. நின்றது ஒன்றே ஒன்று: அந்த மதிய ஜெபம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அவளும் இளையவளும் ரெண்டுபட்டதில் யாருக்குக் கொண்டாட்டம்? அவளுக்கு இல்லை. இளையவளுக்கும் இல்லை, தொட்டியடியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இங்கேவரை கேட்டது. நம்முடைய போராட்டம் மனுஷரோடு இல்லை என்று சபையில் எத்தனை தரம் கேட்டிருப்பாள்! ஆமென் வேறு சொல்லியிருக்கிறாள். சத்துருவாகிய சாத்தான் என்றால் கொம்பும் வாலுமாக வருவான், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அவன் கொம்பை வீட்டில் வைத்துவிட்டு, அவள் குரலைக் கடன் வாங்கிக்கொண்டு அல்லவா வந்திருக்கிறான்!

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஏய்! போ வெளியே!" என்றாள் சத்தமாக. "இது ஆண்டவர் குடுத்த கடை. உனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. இயேசு நாமத்துல சொல்றேன், இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாத!"

தோளில் மூட்டையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த அவள் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் இப்பதானே வந்தேன்" என்றார் பரிதாபமாக. "மூட்டையை மட்டும் இறக்கி வெச்சுட்டுப் போயிடட்டுமா?"

"ஐயோ, உங்கள இல்லீங்க!"

"இங்க வேற யாரையும் காணோமே."

"இருக்கான். உங்க கண்ணுக்குத் தெரியமாட்டான்."

அவர் சந்தேகத்தோடு டிரையருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அதைக் கண்டதும் மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று! சிரிப்போடு கண்ணீரும் வந்தது. மனதில் இருந்த அத்தனையையும் அவரிடம் கொட்டினாள்.

அவர் மூட்டைமேல் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். "அவனத் தொரத்திட்ட, சரி. அவன் மூட்டிவிட்ட சண்டை அப்படியே கெடக்கே, அத யாரு போயித் தீக்கறது?"

"தப்பு பண்ணது அவ. அவதான மொதல்ல வரணும்?" என்றாள் மூத்தவள் படக்கென்று. சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது அவள் வாய். சொல்லிக்கொடுத்தது யார் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

தொட்டியடிக்குப் போகிற தூரம் கொஞ்சம்தான். ஆனாலும் 'ஆண்டவரே, நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வரேன்' என்று சொல்லிக்கொண்டே போனாள். வெந்நீரில் நிறம் நீக்கும் தூளைக் கரைத்து, இளையவள் ஒவ்வொரு அங்கியாக முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். கை விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. அங்கிகள்தான் வெளுக்கக் காணோம்.

"நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம கேளு, இல்லாட்டி எனக்கு தைரியம் போயிடும்" என்றாள் மூத்தவள். "உன் ஜெபத்த எல்லாரும் மெச்சறாங்கன்னு எனக்குப் பொறாமை. அது என் குத்தம், வேற யார் மேலயும் போட மாட்டேன். அது போதாதுன்னு, 'நீ இல்லாமலே எல்லாம் நடக்கும்னு அவ நெனக்கிறா'ன்னு என் காதுல ஒருத்தன் ஓதிக்கிட்டே இருந்தான். நானும் நம்பிட்டேன். என்ன மன்னிச்சுடும்மா."

இளையவள் கையிலிருந்த அங்கி தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

"என்ன ஓதினான்? திரும்பச் சொல்லுங்க."

"நீ இல்லாமலே எல்லாம் நடக்கும்னு..."

"அக்கா!" இளையவள் கத்தியே விட்டாள். "எனக்கும் அதேதான்க்கா! நீங்க பேச்சக் கொறச்சதும், 'நீ இல்லாமலே கடைய நடத்திக்கலாம்னு அக்கா நெனக்கிறாங்க'ன்னு! அந்தக் கோவத்துலதான் மூட்டையக்கூட சரியாப் பாக்காம மெஷின்ல போட்டேன். அந்த ஏப்ரன் வந்தது என் தப்புதான்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு பேர் காதுலயும் ஒரே வரியா?" என்றாள் மூத்தவள்.

"ஆள மட்டும் மாத்தியிருக்கான் பாருங்க, சோம்பேறி!"

அவ்வளவுதான். மூத்தவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இளையவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கணவர் பதறி ஓடிவந்து, இரண்டு பேரும் சேர்ந்து பைத்தியமாகிவிட்டார்கள் என்று தம்பிக்குப் போன் செய்தார். நனைந்த கையோடு இருவரும் கட்டிக்கொண்டதில் இருவர் முதுகிலும் அந்தத் தூள் பட்டு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது.

பிறகு நால்வருமாக அங்கிகளோடு மல்லுக்கு நின்றார்கள். தம்பி வெந்நீர் சுமந்தார், அண்ணன் பிழிந்தார். அலச அலச வெண்மை திரும்பியது. இரண்டு அங்கிகள் மட்டும் பிடிவாதமாக இளஞ்சிவப்பிலேயே நின்றன. மூத்தவள் போதகருக்குப் போன் செய்து, அங்கியில் நேர்ந்ததையும் அதற்கு முன்னால் மனதில் நேர்ந்ததையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அந்த ரெண்டையும் யார் போட்டுக்கணும்னு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கிகளின் வரிசையில் நடுவே இரண்டு இளஞ்சிவப்பு அங்கிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பின்வரிசைப் பிள்ளைகள் கையைக் காட்டிச் சிரித்தார்கள். தண்ணீரிலிருந்து எழுந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே அன்று ஓரகத்திகள் பாடிய பாட்டில் கூரை பறந்துவிடாமல் இருந்ததே பெரிது.

அவன் அதோடு ஓடிப்போய்விடவில்லை. அவன் வேலை அது. சில சமயம் இளையவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "அக்கா, இன்னிக்கு என்ன ஓதினான் தெரியுமா? நீங்க என் குழம்பக் கொற சொன்னீங்களாம்" என்பாள். "குழம்பு நல்லா இல்லைதான். அதச் சொல்ல எனக்கே வாய் இருக்கு, அவன் எதுக்கு?" என்பாள் மூத்தவள். வெளிச்சத்தில் எடுத்துப் போட்டதும் அது வெறும் கந்தலாகத் தெரியும். இருவரும் அங்கேயே, நின்றபடியே, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

ஞானஸ்நானம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை மதியம் ஷட்டர் பாதி இறங்கியது. நர்ஸும் அவள் கூட்டாளிகளும் வந்தார்கள். சொல்லாமலே விஷயம் பரவியிருந்ததால் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். உட்கார இடம் போதாமல் ஒருவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று இளையவளும் தொடங்கவில்லை, மூத்தவளும் தொடங்கவில்லை. நீ பண்ணு, நீங்க பண்ணுங்க என்று இருவரும் கண்ணால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பூட்டு ரிப்பேர்க்காரர் தொண்டையைக் கனைத்தார். முதல்முறையாகக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, நான்தான். பக்கத்துக் கடை" என்றார். கை விரல்களைக் கோத்துக்கொண்டார். "இத்தன நாளா ஃபேனுக்காகத்தான் வர்றேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். பொய். மனசுல பாரம் அதிகம். கொஞ்சம் எறக்கி வெச்சுக்கட்டுமா?"

பிறகு நர்ஸ் மெல்ல "ஆமென்" என்றாள். மூத்தவள் கையை நீட்டினாள். இளையவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வொன்றாக இறக்கி வைக்கத் தொடங்கினார். அன்று மதியம் மெஷின்களை மறுபடி போட வெகு நேரமாயிற்று. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.